எழுநூறு கடை வளாகமும் ஷட்டர் இறங்கிய தெருவும்



என் மகன் ஜப்பானில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். டோக்கியோவின் கிழக்குப் பக்கம் நிஷி-கசாய் என்ற பகுதியில் குடியிருக்கிறான். நம் நாட்டவர் நிறையப் பேர் வசிக்கும் இடம் அது. அவன் வீட்டில் மூன்று வாரம் தங்கி வந்தேன். ஊர் திரும்பியதும் சங்கத்து நண்பர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்கே கடைகண்ணியெல்லாம் எப்படி இருக்கு அண்ணாச்சி?" கோயிலையும் எரிமலையையும் பற்றி எழுத வேறு பத்திரிகைகள் உண்டு. நம் இதழுக்குக் கடைகண்ணியைப் பற்றி எழுதுவதுதான் முறை. ஆகவே அங்கே பார்த்த ஒரு பெரிய வணிக வளாகத்தையும், அதே ஊரின் பழைய கடைவீதியையும் பற்றி எழுதுகிறேன்.

ஏரிக்கரையில் ஒரு வளாகம்

நான் பார்த்த வளாகத்தின் பெயர் இயோன் லேக் டவுன். டோக்கியோவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே, சைதாமா மாவட்டத்தில் கோஷிகாயா என்ற நகரில் இருக்கிறது. மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழும் புறநகர். நிஷி-ஃபுனாபாஷியில் ரயில் மாறினால் முசாஷினோ தடத்து வண்டி வளாகத்தின் வாசலிலேயே இறக்கி விடுகிறது.

அந்தப் பகுதி முன்பு தாழ்வான நிலம். மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கும். வெள்ளத்தைத் தாங்க 39 ஹெக்டேரில், அதாவது நம் கணக்கில் 96 ஏக்கரில், ஒரு ஏரியை வெட்டினார்கள். அதைச் சுற்றி வீடுகள் கட்டினார்கள். 2008 மார்ச்சில் ரயில் நிலையம் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வளாகம் திறந்தது. ஏரி, வீடு, ரயில், கடை நான்கும் ஒரே திட்டமாக வந்திருக்கின்றன. ஜப்பானில் மிகப் பெரிய வணிக வளாகம் என்று இதைச் சொல்கிறார்கள். 700க்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. 10,000க்கும் மேற்பட்ட கார்கள் நிறுத்த இடம் இருக்கிறது.

ஸ்டேஷனை ஒட்டிய கட்டடத்துக்கு 'காஸே' என்று பெயர். காற்று என்று பொருள். அடுத்ததற்கு 'மோரி', காடு என்று பொருள். கடைசியாக 2011ல் திறந்த தள்ளுபடி விலைக் கடைகளின் பகுதி. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்க எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வழியெல்லாம் உட்கார நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். வெயில், மழை இல்லாமல் உள்ளேயே நடைப்பயிற்சி செய்யப் பல முதியவர்கள் வருகிறார்கள். இயோன் வளாகங்களில் இதை ஊக்குவிக்கவும் செய்கிறார்கள். நடக்க வந்தவர் திரும்பும்போது ஒரு பொட்டலம் மீனாவது வாங்காமல் போவதில்லை.

சரக்கு வைப்பில் கண்டவை

எனக்குத் தெரிந்தது பருப்பும் வற்றலும். ஆகவே துணிக்கடை, செருப்புக்கடையை மருமகளிடம் விட்டுவிட்டு உணவுப் பொருள் பிரிவில்தான் அதிக நேரம் நின்றேன்.

காய்கறித் தட்டுகளில் உள்ளூர் விவசாயிகளுக்கென்று ஒரு வரிசை. விளைவித்தவர் பெயர் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கிறது. மீன் பொட்டலத்தில் எந்தக் கடலில் பிடித்தது என்று அச்சடித்திருக்கிறது. மாலை ஆனதும் ஒரு பணியாளர் கையில் ஸ்டிக்கருடன் வருகிறார். அன்றைக்குள் விற்க வேண்டிய சோற்றுப் பெட்டிகள், மீன், பொரியல் வகைகளில் முதலில் 20 சதம், பிறகு 30 சதம், கடைசியில் பாதி விலை என்று ஒட்டிக் கொண்டே போகிறார். பாதி விலை ஸ்டிக்கர் வரட்டும் என்று காத்திருக்கும் ஒரு கூட்டமும் உண்டு. மனித சுபாவம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

மாதத்தின் 20, 30 ஆகிய தேதிகளில் அட்டை வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு 5 சதம் தள்ளுபடி. 15ஆம் தேதி 55 வயதைக் கடந்தவர்களுக்கு. செவ்வாய்க்கிழமை தோறும் 'செவ்வாய்ச் சந்தை' என்று பெயர் வைத்துக் காய்கறியைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். நம் ஊர் வாரச்சந்தையை ஏர்கண்டிஷன் கட்டடத்துக்குள் கொண்டு வைத்தது போல இருந்தது. 11ஆம் தேதி வாங்கினால் மஞ்சள் நிறத்தில் ரசீது வரும். ஊரில் உள்ள சேவை அமைப்புகளின் பெயர் எழுதிய பெட்டிகள் வரிசையாக இருக்கும். வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த அமைப்பின் பெட்டியில் ரசீதைப் போட்டால், அந்தத் தொகையில் ஒரு சதத்துக்குப் பொருளாக அந்த அமைப்புக்குக் கடை கொடுக்கிறது. தர்மம் செய்வது கடை. யாருக்குச் செய்வது என்று முடிவு செய்வது வாடிக்கையாளர். நல்ல யோசனை.

மொத்த வியாபாரிகள் கவனிக்க வேண்டிய வழக்கம் ஒன்று அங்கே இருக்கிறது. 'மூன்றில் ஒரு பங்கு' வழக்கம் என்று சொல்கிறார்கள். ஒரு பொருளின் ஆயுள் ஆறு மாதம் என்றால், தயாரித்த இரண்டு மாதத்துக்குள் அது சில்லறைக் கடைக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். நான்கு மாதத்துக்குள் விற்றுவிட வேண்டும். மீதி இரண்டு மாதம் வாங்குகிறவர் வீட்டில் இருப்பதற்கு. இரண்டு மாதமும் ஒரு நாளும் ஆன சரக்கை லாரியில் ஏற்றிப் போனால் கடைக்காரர் இறக்க மாட்டார். சட்டம் ஏதும் இல்லை, வியாபார வழக்கம்தான். இதனால் நல்ல சரக்கே வீணாகிறது என்று 2012 முதல் அரசும் வியாபாரிகளும் சேர்ந்து பேசிப் பல பொருள்களுக்கு மூன்றில் ஒரு பங்கைப் பாதியாகத் தளர்த்தி வருகிறார்கள். கிட்டங்கியில் பழைய சிப்பம் அடியில், புதுச் சிப்பம் மேலே என்று அடுக்கும் நம் ஆட்களுக்கு இதை ஒரு முறை சொல்லி வைக்கலாம்.

தூணுக்குச் சக்கரம் கட்டிய குடும்பம்

இயோன் என்பது வெளிநாட்டுக் கம்பெனி என்று நான் நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை, பெயர் அப்படி. விசாரித்தபோது, நம்மைப் போன்ற ஒரு கடைவீதிக் குடும்பம் என்று தெரிந்தது. 1758ல் ஒகாடா என்ற குடும்பம் யொக்கைச்சி என்ற ஊரில் துணியும் சில்லறைச் சாமான்களும் விற்கத் தொடங்கியது. யொக்கைச்சி என்ற சொல்லுக்கே நான்காம் நாள் சந்தை என்றுதான் பொருள். சந்தையால் பெயர் பெற்ற ஊர் நம் பக்கமும் எத்தனையோ இருக்கின்றன.

அந்தக் குடும்பத்தில் பரம்பரையாகச் சொல்லும் வாக்கு ஒன்று உண்டு: வீட்டின் நடுத்தூணுக்குச் சக்கரம் கட்டி வை என்பது. ஜனநடமாட்டம் இடம் மாறினால் கடையும் மாற வேண்டும், இடத்தின் மேல் ஆசை வைத்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று அர்த்தம். ஊரில் நடமாட்டம் மாறியபோது அப்படியே கடையை மாற்றியும் இருக்கிறார்கள். விலை ஏறும்போது லாபம் பார்க்காதே, இறங்கும்போது லாபம் பார் என்பது இன்னொரு வாக்கு. பதுக்கலுக்கு எதிரான வாக்கு இது.

1945 ஜூனில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் யொக்கைச்சி எரிந்தது. கடையும் எரிந்தது. அப்போது கடையைப் பார்த்துக் கொண்டிருந்தவர் அந்த வீட்டு மகள் சிசுகோ. தம்பி தகுயா ராணுவத்தில் இருந்தார். கடை சாம்பலான பிறகு அந்த அம்மாள் செய்தது, எங்கள் கடையின் பொருள் கூப்பன் வைத்திருப்பவர்கள் கொண்டு வந்தால் பணம் தருகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டியது. கணக்குப் புத்தகம் எரிந்துவிட்டது என்று சொல்லிக் கையை விரித்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாணயம் என்பது இதுதான். தம்பி திரும்பி வந்து கடையை மறுபடியும் எடுத்து நடத்தினார்.

1969ல் அவர்களும் வேறு இரண்டு ஊர்க் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். முதல் நோக்கம் கூட்டுக் கொள்முதல். மூவரும் சேர்ந்து வாங்கினால் விலை குறையும் என்பது. அதுதான் ஜஸ்கோ. 2001ல் அதன் பெயர் இயோன் ஆயிற்று. நம் சங்கத்தில் கூட்டுக் கொள்முதல் பற்றிப் பேச்சு எழுந்து, டீ குடித்துவிட்டுக் கலைந்து போவது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தேன்.

கல்லா யார் கையில்?

வளாகத்துக்குள் சின்னக் கடைக்காரரின் நிலை என்ன என்பதுதான் நமக்கு முக்கியம். ஜப்பானிய வளாகங்களில் பொதுவாக இருக்கும் முறையைச் சொல்கிறேன்.

வாடகையை நம் ஊர் போல மாதம் இவ்வளவு என்று மட்டும் பேசுவதில்லை. குறைந்தபட்சமாக ஒரு தொகை, அதற்கு மேல் விற்பனையில் இத்தனை சதம் என்று பேசுவது வழக்கம். விற்பனை எவ்வளவு என்பது வளாகத்தாருக்குத் தெரிய வேண்டும். ஆகவே அன்றாட விற்பனைப் பணத்தைக் கடைக்காரர் அன்று இரவே வளாக நிர்வாகத்திடம் கட்டிவிட வேண்டும். நிர்வாகம் வாடகை, மின்சாரம், விளம்பரச் செலவு எல்லாவற்றையும் கழித்துக் கொண்டு, மீதியைக் குறித்த தேதியில் திருப்பிக் கொடுக்கும். கடை நம்முடையது, சரக்கு நம்முடையது, வியர்வை நம்முடையது. கல்லா மட்டும் இன்னொருவர் கையில்.

வளாகத்தார் பக்கத்து நியாயமும் உண்டு. கூட்டத்தை அவர்கள் கூட்டி வருகிறார்கள், கார் நிறுத்தம், சுத்தம், காவல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. விற்பனை விழுந்தால் அவர்கள் வருமானமும் குறைகிறது. ஆனால் மொத்த வியாபாரிக்கு அடுத்த வாரம் பணம் தர வேண்டிய கடைக்காரருக்கு, நேற்று விற்ற பணம் இன்று கையில் இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று குத்தகைக் காலம். முன்பு ஜப்பானில் வாடகைக்கு இருப்பவரைத் தக்க காரணம் இல்லாமல் எழுப்ப முடியாது. 2000 மார்ச்சில் வந்த சட்டத் திருத்தம், காலம் முடிந்ததும் தானாக முடிந்து போகும் ஒப்பந்தத்துக்கு வழி செய்தது. வளாகங்களில் இப்போது பெரும்பாலும் அந்த முறைதான். ஆறு ஆண்டு போல ஒரு காலம் குறிக்கிறார்கள். அது முடிந்தால் புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் வளாகத்தார் விருப்பம்.

இதை அனுபவித்த ஒருவரை அன்று பிற்பகலே பார்த்தேன்.

பழைய கடைவீதியில்

லேக் டவுனிலிருந்து ஒரு ஸ்டேஷன் போய், ரயில் மாறி, இன்னொரு ஸ்டேஷன் போனால் பழைய கோஷிகாயா வருகிறது. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், அங்கிருந்து நிக்கோ என்ற புண்ணியத் தலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் மூன்றாவது தங்கல் ஊர் இது. வண்டியும் சுமையும் இறங்கி ஏறிய இடம். அன்றைய வணிகர் வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. அதில் ஒன்று தராசு விற்றவர் வீடு, நூறாண்டைக் கடந்தது. அதை இடிக்காமல் செப்பனிட்டு, உள்ளே சாப்பாட்டுக் கடையும் சிறு கடைகளும் வைத்திருக்கிறார்கள். 'தராசுக் கடை' என்ற பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த வாசலில் சற்று நேரம் நின்றேன்.

தெருவில் சில கடைகள் நடக்கின்றன. இடையிடையே ஷட்டர் இறங்கியிருக்கிறது. பல கடைகள் மூடிய தெருவை ஜப்பானியர் 'ஷட்டர் தெரு' என்றே சொல்கிறார்கள். நாட்டின் சிறு நகரங்கள் எங்கும் இந்தச் சொல் புழங்குகிறது.

தேயிலை விற்கும் ஒரு கடைக்குள் போனோம். எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர். என்னையும் வியாபாரி என்று மகன் சொன்னதும் எழுந்து நின்று குனிந்து வணங்கினார். கேட்காமலே தேநீர் வந்தது. வேறொரு ஊரில் ஒரு வளாகத்தில் ஆறு ஆண்டு கிளை வைத்திருந்தாராம். விற்பனை நன்றாகத்தான் இருந்தது, காலம் முடிந்தது, அந்த இடத்தை வேறு வகைக் கடைக்குக் கொடுக்க விரும்பினார்கள், காலி செய்தேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"இந்தக் கடை எப்படி நடக்கிறது?" என்று கேட்கச் சொன்னேன்.

அவர் சொன்னதை மகன் தமிழில் சொன்னான்: "கடை நடக்குதாம்பா. ஆனா இவருக்கு அப்புறம் ஆள் இல்லையாம். பையன் டோக்கியோவில் ஆபீஸ் வேலையில் இருக்காராம்."

சொல்லிவிட்டு என் மகன் என்னைப் பார்க்காமல் அலமாரியில் இருந்த தேயிலை டப்பாக்களைப் பார்த்துக் கொண்டிருந்தான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. பெரியவர் என் மகனையும் என்னையும் ஒரு முறை பார்த்துவிட்டு, இன்னொரு கோப்பை ஊற்றினார்.

சட்டம் இருந்தது

இவ்வளவு கடைகள் மூடும் வரை ஜப்பான் வணிகர் சங்கங்கள் என்ன செய்து கொண்டிருந்தன என்று கேட்பீர்கள். சும்மா இருக்கவில்லை. உலகத்திலேயே கடுமையான பாதுகாப்புச் சட்டங்களில் ஒன்றைப் பெற்றிருந்தார்கள்.

பெரிய சில்லறைக் கடைகள் சட்டம் 1973ல் நிறைவேறி 1974 மார்ச்சில் அமலுக்கு வந்தது. 1,500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 16,000 சதுர அடிக்கு மேல், கடை வைக்க வேண்டும் என்றால் உள்ளூர் வணிகர்களும் இடம்பெற்ற குழுவின் ஆலோசனையைத் தாண்டி வர வேண்டும். பெருநகரங்களில் மட்டும் அளவு இதைப் போல் இரு மடங்கு. 1978ல் சட்டத்தை இன்னும் இறுக்கி, 500 சதுர மீட்டரிலிருந்தே கட்டுப்பாடு என்றார்கள். கடையின் பரப்பு, திறக்கும் தேதி, மூடும் நேரம், விடுமுறை நாள் எல்லாம் பேரம். ஒரு பெரிய கடை திறக்க ஏழெட்டு ஆண்டு இழுத்த கதைகள் உண்டு.

1989லும் 1990லும் அமெரிக்கா வர்த்தகப் பேச்சுவார்த்தையில் இந்தச் சட்டத்தைக் குறி வைத்தது. தளர்த்தினார்கள். 1991 டிசம்பரில் அமெரிக்காவின் டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக் கடை இபராக்கி மாவட்டத்தில் திறந்தது. அடுத்த மாதம் நாரா மாவட்டத்தில் இரண்டாவது கடை திறந்தபோது அமெரிக்க ஜனாதிபதி புஷ் நேரிலேயே வந்தார். 2000 ஜூனில் பழைய சட்டம் ஒழிந்தது. புதிய சட்டம் போக்குவரத்து, இரைச்சல், குப்பை, கார் நிறுத்தம் இவற்றை மட்டும் பார்த்தது. பக்கத்துக் கடை பிழைக்குமா என்று பார்க்கவில்லை. வயல்வெளிகளில் வளாகங்கள் எழுந்தன. 2006ல் மறுபடியும் விழித்துக் கொண்டு, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களை ஊருக்கு வெளியே கட்டக் கட்டுப்பாடு விதித்தார்கள்.

இதில் ஒரு கணக்கைப் பாருங்கள். ஜப்பானில் சில்லறைக் கடைகளின் எண்ணிக்கை உச்சத்தில் இருந்தது 1982ல். 17 லட்சத்துக்கும் மேல். 2014 கணக்கெடுப்பில் அது சுமார் 10 லட்சம். சட்டம் போனதால் குறைந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் குறையத் தொடங்கிய ஆண்டைக் கவனியுங்கள். 1982க்குப் பிறகு, சட்டம் மிகவும் இறுக்கமாக இருந்த காலத்திலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. பெரிய கடையை வாசலில் தடுத்து நிறுத்திய அதே ஆண்டுகளில் உள்ளே சின்னக் கடைகள் மூடிக் கொண்டிருந்தன. வாடிக்கையாளர் கார் வாங்கினார், கடைவீதியில் நிறுத்த இடம் இல்லை. கடைக்காரர் பிள்ளை படித்தான், வேறு வேலைக்குப் போனான். முதலாளி கடையை மூடினார், ஆனால் மேல் மாடியில் குடியிருப்பதால் கீழே வேறு ஒருவருக்கு வாடகைக்கு விட மனம் வரவில்லை. ஷட்டர் இறங்கியது இறங்கியதுதான்.

சட்டம் வணிகர்களுக்கு இருபத்தாறு ஆண்டு அவகாசம் வாங்கிக் கொடுத்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் சிலரே. நான் அங்கிருந்து கொண்டு வந்த பாடம் இந்த ஒன்றுதான்.

அவகாசத்தைப் பயன்படுத்தியவர்கள்

ஷிகோக்கு தீவில் தகாமத்சு என்ற நகரில் மருகாமேமாச்சி என்ற கடைவீதி. 1588ல் தோன்றியது. 1988ல் நானூறாவது ஆண்டு விழா. அதே ஆண்டு தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பெரிய பாலம் திறந்தது. விழா கொண்டாடிய கையோடு, ஐந்நூறாவது ஆண்டில் இந்தத் தெரு இருக்குமா என்று சங்கத்தார் யோசித்தார்கள். தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள் நிலத்தை விற்கவில்லை. சுமார் அறுபது ஆண்டுக் குத்தகைக்குத் தங்கள் கூட்டுக் கம்பெனிக்கே கொடுத்தார்கள். கம்பெனி பழைய கட்டடங்களை எடுத்துவிட்டுச் சேர்த்துக் கட்டியது. எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. நிலக்காரருக்கு வாடகை விற்பனையைப் பொறுத்து. வியாபாரம் படுத்தால் நிலக்காரருக்கும் குறையும். ஆகவே எல்லோருக்கும் அக்கறை. முதல் பகுதி 2006 டிசம்பரில் திறந்தது. கடைகளுக்கு மேலே குடியிருப்புகளும், தெருவில் மருத்துவமனையும் வந்தன. வயதானவர்கள் மறுபடி ஊர் நடுவே குடி வந்தார்கள், வாடிக்கையாளர் வாசலிலேயே. சங்கத்துக்குச் சொந்தமான கார் நிறுத்தங்களிலிருந்து வருமானமும் வருகிறது. சந்தாவை மட்டும் நம்பாத சங்கம்.

இன்னொன்று நடமாடும் கடை. பக்கத்துக் கடை மூடிப் போய், கார் ஓட்டவும் முடியாமல் தவிக்கும் முதியவர்களை ஜப்பானியர் 'கடை அகதிகள்' என்கிறார்கள். 2010ல் அரசு இவர்களை 60 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. இவர்களுக்காக 2012ல் தொகுஷிமா நகரில் தொகுஷிமாரு என்ற ஏற்பாடு தொடங்கியது. சிறிய வேன் வைத்திருக்கும் தனி நபர், உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டின் சரக்கை ஏற்றிக் கொண்டு வாரம் இரு முறை வீடு தேடிப் போகிறார். விற்காததை மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். தொடக்கத்தில் ஒரு பொருளுக்குக் கடை விலையை விட 10 யென் கூடுதல். அதை ஓட்டுபவரும் கடையும் பங்கிட்டுக் கொள்வது போன்ற ஏற்பாடு. சின்னக் கடை ஏதும் இருந்தால் அதிலிருந்து 300 மீட்டருக்குள் வேனை நிறுத்தக் கூடாது என்பது அவர்களே வைத்துக் கொண்ட விதி. இப்போது நாடு முழுவதும் 1,000க்கும் மேற்பட்ட வேன்கள் ஓடுகின்றன. தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் நம் முன்னோர் செய்த வியாபாரம்தான். பாட்டிக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அடுத்த முறை கொண்டு வருவதுதான் அதன் மூலதனம்.

மூன்றாவதாக நம் இனம், மொத்த வியாபாரிகள். ஜப்பானில் மொத்த வியாபாரியைத் தொன்யா என்பார்கள். "அந்த விலைக்குத் தொன்யா சரக்கு இறக்க மாட்டார்" என்பது அங்கே பழமொழி; நீ நினைப்பது போல் எல்லாம் நடக்காது என்று பொருள். மொழிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்த தொழில். 1962ல் ஹயாஷி ஷூஜி என்ற பேராசிரியர் விநியோகப் புரட்சி என்று ஒரு புத்தகம் எழுதியதும், இனித் தொன்யாக்கள் வேண்டியதில்லை என்ற பேச்சு நாடெங்கும் கிளம்பியது. சிறிய தொன்யாக்கள் பலர் போனது உண்மை. ஆனால் 1712ல் தொடங்கிய கொகுபு என்ற தொன்யா டோக்கியோவில் நிஹொன்பாஷியில் இன்றும் உணவுப் பொருள் மொத்த வியாபாரம் செய்கிறது. இடையில் நின்று விலை ஏற்றுபவராக மட்டும் இருந்திருந்தால் நின்றிருக்க மாட்டார்கள். பல நூறு உற்பத்தியாளரின் சரக்கை ஒரே இடத்தில் சேர்த்து, ஒவ்வொரு கடைக்கும் அந்தக் கடையின் அலமாரி வரிசைப்படியே பிரித்து, சொன்ன நேரத்துக்கு இறக்குவது இன்று அங்குள்ள பெரிய தொன்யாக்களின் வேலை. கடைக்காரர் தானே செய்தால் அதிகச் செலவாகும் வேலையை எவர் செய்கிறாரோ, அவரை யாரும் தள்ளிவிட முடியாது.

வளாகமும் சாகும்

பெரியவர்கள் எல்லாம் வாழ்ந்தார்கள், சின்னவர்கள் எல்லாம் வீழ்ந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1957ல் ஒசாகாவில் ஒரு கடையாகத் தொடங்கிய தாயேய், 1972ல் விற்பனையில் பழம்பெரும் மித்சுகோஷியைத் தாண்டி ஜப்பானில் முதலிடத்துக்கு வந்தது. கடனில் நிலமும் கட்டடமுமாக வாங்கிக் குவித்தது. நிலத்தின் விலை விழுந்தபோது அதுவும் விழுந்தது. 2013ல் இயோனின் துணை நிறுவனமாக ஆயிற்று. ஷிகா மாவட்டத்தில் பீவா ஏரிக்கரையில் 2008ல் சுமார் 200 கடைகளுடன் திறந்த பியெரி மொரியாமா என்ற வளாகம், சுற்றிலும் போட்டி வளாகங்கள் வந்ததில் ஐந்தே ஆண்டில் விரல் விட்டு எண்ணும் கடைகளோடு நின்றது. விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும், ஆள் இருக்காது. 2014ல் மூடிப் புதுப்பித்து, அந்த ஆண்டு டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். கட்டடத்தின் அளவு யாரையும் காப்பாற்றுவதில்லை.

நம் சங்கத்தின் யோசனைக்கு

நம் ஊரும் ஜப்பானும் ஒன்றல்ல. அங்கே பிள்ளைகள் குறைவு, முதியோர் அதிகம், ஊர்களே சுருங்குகின்றன. இருந்தாலும் சில விஷயங்களைச் செயற்குழுவில் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, கடைவீதிக்குக் கார், ஸ்கூட்டர் நிறுத்த இடம். நகராட்சியை மட்டும் எதிர்பார்க்காமல் சங்கமே இடம் எடுத்து நடத்தினால் வாடிக்கையாளருக்கும் வசதி, சங்கத்துக்கும் வருமானம்.

இரண்டு, வளாகத்தில் கடை எடுக்க நினைக்கும் இளைஞர்கள், அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், குத்தகை முடிந்தால் என்ன ஆகும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் சங்கத்தில் ஒரு முறை காட்டினால் நல்லது.

மூன்று, பூட்டிக் கிடக்கும் கடைகள். நம் வீதியிலேயே ஆறு, ஏழு இருக்கின்றன. உரிமையாளர்களும் தொழில் செய்ய ஆசைப்படும் இளைஞர்களும் சங்கத்தின் பொறுப்பில் சந்தித்துப் பேச ஒரு ஏற்பாடு வேண்டும்.

நான்கு, வாரிசு. இதை வெளிப்படையாகப் பேச நாம் கூச்சப்படுகிறோம். பிள்ளை வரமாட்டான் என்று தெரிந்தால், கடையில் இருபது வருஷம் நின்ற கணக்குப்பிள்ளையோ, பங்காளி மகனோ, நம்பிக்கையான சிப்பந்தியோ, யாருக்குத் தொழிலைக் கொடுப்பது என்று உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகு எடுக்கும் முடிவைக் கடன்காரர்தான் எடுப்பார். எங்கள் மண்டியில் என்னோடு இருபத்திரண்டு ஆண்டாக இருக்கும் தம்பிக்கு வருகிற சித்திரை முதல் பங்கு எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். என் மகனிடம் போனில் சொன்னேன். "நல்லதுப்பா, அவர்தானே அண்ணன் மாதிரி பார்த்துக்கிட்டார்" என்றான்.

மற்ற உறுப்பினர்களும் தங்கள் கருத்தை இதழுக்கு எழுதினால் அடுத்த பொதுக்குழுவில் வைத்துப் பேச வசதியாக இருக்கும்.